பொத்தான் அக்காவின் எண்பத்து நாலு சார்ட்

மருத்துவ ஆராய்ச்சி என்றதும் உங்களுக்கு வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் நினைவுக்கு வருமென்றால் நீங்கள் புண்ணியம் செய்தவர். எனக்கு நினைவுக்கு வருவது டெலிபோன். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், நோயாளிகளைப் போனில் கூப்பிட்டு வரவழைப்பதும் அவர்களுடைய தாள்களைக் கோப்பில் அடுக்குவதும் என் வேலை. பெயர் என்னவோ பெரிசு: ஒருங்கிணைப்பாளர். காது கேட்காதவர்களுக்குப் போன் போட்டு வரச் சொல்கிற வேலையை எந்த மகானுபாவன் கண்டுபிடித்தானோ, அவன் ஒரு நாள் என் கையில் சிக்க வேண்டும்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது பொத்தான் அக்காவைப் பற்றி.

அக்கா எங்கள் பிரிவில் காது சோதிக்கிறவர். பத்தொன்பது வருஷமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. அறைச் சுவர் ஒரு சாண் கனம்; உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினால் உங்கள் மூச்சு உங்களுக்கே கேட்கும். அந்த அறைக்குள் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு கூண்டு. நோயாளி கூண்டுக்குள் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அக்கா வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்து சத்தத்தை அனுப்புவார். நோயாளி பொத்தானை அமுக்கினால் மெஷினில் பச்சை விளக்கு எரியும். எவ்வளவு லேசான சத்தம் வரைக்கும் கேட்கிறது என்று பார்த்துச் சார்ட்டில் புள்ளி வைப்பார். "சத்தம் கேட்டா பொத்தான அமுக்குங்க. ரொம்ப லேசா கேட்டாலும் அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க." ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைச் சொல்லிச் சொல்லியே பொத்தான் அக்கா ஆகிவிட்டார்.

வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் வேலை. மெஷின் சத்தத்திலேயே இருந்து பழகிய மனுஷன், உப்பைக் கேட்டாலும் ஊரைக் கூட்டுகிற குரலில்தான் கேட்பார். அக்காவோ சாதாரணமாகப் பேசுவதே ரகசியம் மாதிரி இருக்கும். கல்லூரியில் படிக்கிற மகள் ஒரு தடவை எங்களைப் பார்க்க வந்தபோது சொன்னாள்: "எங்க வீட்ல வால்யூம் பட்டன் நான்தான் அங்கிள். அவர் சொல்றதைக் கொறைச்சு அம்மாகிட்ட சொல்லணும், இவங்க சொல்றதைக் கூட்டி அப்பாகிட்ட சொல்லணும்."

ரகசியக் குரல் என்றேனே தவிர, கோபம் வந்தால் அதே குரலில் ஆளைத் தோலுரித்துவிடுவார். பக்கத்துக் கட்டடத்தில் வேலை தொடங்கிச் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்த ஒரு வாரம், அக்கா கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டபடியே இறங்கிப் போய் மேஸ்திரியின் முன்னால் நின்றார். என்ன சொன்னாரோ தெரியாது, அன்றிலிருந்து பத்து மணி முதல் ஒரு மணி வரை துளைக்கிற மெஷின் வாயைத் திறக்கவில்லை. 'செவிடன் காதில் ஊதின சங்கு' என்று நான் ஒரு தடவை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, இரண்டு நாள் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. தன் கையைப் பற்றி. சத்தத்தை அனுப்புகிற சாவியை அமுக்கும்போது மனசுக்குள் மூன்று வரை எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, அமுக்கு. காலை எட்டரைக்கும் அதே, மதியம் ஒன்றரைக்கும் அதே. "என் கை கடிகாரம் தம்பி, சாவி குடுக்கவே வேண்டாம்" என்பார். பயிற்சிக்கு வருகிற டாக்டர்கள் பின்னால் நின்று பார்த்து வியந்துவிட்டுப் போவார்கள். அந்தப் பெருமையில்தான் வினையே இருந்தது. அதை எங்களில் ஒருத்தரும் பார்க்கவில்லை, படித்த முட்டாள்கள்.

ஆராய்ச்சி என்னவென்றால், சிலருக்கு ஒரு காது திடீரென்று போய்விடும். ராத்திரி நன்றாகத் தூங்கியவர் காலையில் எழுந்தால் ஒரு பக்கம் சுவர். அப்படி வருகிறவர்களுக்குச் செவிப்பறை வழியாக உள்ளே ஊசி போட்டால் காது திரும்புமா என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்கு மருந்து ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரண்டாவது வாரம் சோதிப்போம். தேறாதவருக்கு, முன்னால் எதைப் போட்டிருந்தாலும் சரி, நிஜ மருந்தே நாலு ஊசி போட்டுவிட வேண்டும். அதையும் ஆறு வாரத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு போட்டுப் பெரிய பிரயோஜனம் இல்லை. தேறியவரை வீட்டுக்கு அனுப்பி, மூன்றாவது மாசம் கடைசியாக ஒரு தடவை பார்ப்போம். நாலு வருஷத்தில் எண்பத்து நாலு பேர் சேர்ந்தார்கள். "சார்ட் எல்லாம் ஒரே கையால இருக்கணும்மா, உன் கைதான்" என்று பெரிய டாக்டர் முதல் நாளே அக்காவிடம் சொல்லியிருந்தார். பிரிவின் தலைவர் அவர். அவர் மற்றவரைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

எண்பத்து நாலாவது ஆள் ஒரு கார் மெக்கானிக். நாற்பது வயசு இருக்கும். பானெட்டைத் திறக்காமலே பக்கத்தில் நின்று காது கொடுத்து, எங்கே தட்டுகிறது, எந்தப் பக்கம் இரைகிறது என்று சொல்கிற ஆள். பட்டறையில் அவருக்கு மரியாதையே அதனால்தான். இடது காது ஒரு காலையில் போய்விட்டது. மூன்றாம் நாளே ஓடி வந்துவிட்டார். எங்களுக்கு அப்படி வருகிறவர்கள் அபூர்வம். மற்றவர்கள் எண்ணெய் விட்டு, தண்ணீர் விட்டு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் செய்து முடித்துத்தான் வருவார்கள்.

ஊசி போட்டோம். இரண்டாவது வாரச் சோதனையில் இடது காது அருமையாகத் தேறியிருந்தது. அக்கா சார்ட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்து காட்டினார். நான் தேறியவர் கட்டத்தில் டிக் அடித்து, நிஜ மருந்துப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டேன்.

மறு வாரமே போன் வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளி தானாக எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"சார், கேக்கல சார்."

"என்ன கேக்கல?"

"எடது காது சார். அப்படியேதான் இருக்கு. எந்தப் பக்கம் தட்டுதுன்னே தெரியல. நேத்து வலது பக்கச் சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டு நிக்கறேன், கோளாறு எடது பக்கம்."

அக்காவிடம் சொன்னேன். அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சார்ட்டு பொய் சொல்லுமா தம்பி? வரச் சொல்லு. இன்னொரு தடவை பாத்துடலாம்."

வந்தார். அக்கா பார்த்தார். இன்னும் நன்றாகத் தேறியிருந்தது. அக்கா சார்ட்டை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாருங்க, இந்தக் கோடு எங்க இருந்துச்சு, இப்ப எங்க இருக்கு? நல்ல காதுக்குச் சமமா வந்துடுச்சு. சும்மா மனசைப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

"இல்லக்கா, உள்ள உக்காந்தா கேக்குது. வெளிய போனா கேக்க மாட்டேங்குது."

"வெளிய சத்தம், அதான்."

அதற்குப் பிறகும் நாலாவது வாரம் போன் வந்தது. ஐந்தாவது வாரம் இரண்டு தடவை. நான் பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். அவர் சார்ட்டைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "காது நல்லா இருக்கு. இது மனசு சம்பந்தப்பட்டது. மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதித் தர்றேன், குடுத்து அனுப்பு." அந்தச் சீட்டைக் கொடுத்தவன் நான்தான். மெக்கானிக் அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆறு வாரம் முடிந்தது. போன் நின்றுபோனது. அப்பாடா, ஒரு தலைவலி விட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்று ஒப்புக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது மாசச் சோதனைக்கு மெக்கானிக் வந்தார். முகம் வாடியிருந்தது. அக்கா வழக்கம்போல நல்ல காதை முதலில் பார்த்தார், பிறகு இடது காது. இடது காதைப் பார்க்கும்போது நல்ல காதில் ஓர் இரைச்சலை ஓட விடுவார்கள், நல்ல காது உதவிக்கு வந்து ஏமாற்றாமல் இருக்க. சோதனை முடிந்தது. அருமையான சார்ட். மெக்கானிக்கை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருத்தரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு வலது காது மந்தம், இடதுதான் நல்ல காது.

இரண்டு நிமிஷம் கழித்துக் கூண்டிலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது.

"அம்மா, நீங்க இன்னும் ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிச்சு நேரமாச்சு சார். எடது காதுல வருது பாருங்க."

"ஒண்ணும் வரலியே! ஐயையோ, நல்ல காதும் போயிடுச்சாம்மா?"

அக்கா எழுந்து போய் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். என்னை மெஷினில் சாவியை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். தலையை ஆட்டினார். இன்னும் கூட்டி அமுக்கினேன். ஒன்றுமில்லை. ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தார். இடது பக்க ஒயர் கழுத்தடியில் அறுந்து, ரப்பர் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் தன் காதில் மாட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். அன்றும் பார்த்திருந்தார். இடையில் எப்போதோ அறுந்திருக்கிறது.

"சரி, ஒயர்தானே, வேற எடுத்துட்டு வர்றேன். வாத்தியாருக்கு ஒண்ணுமில்ல, பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க" என்று நான் கிளம்பினேன்.

அக்கா நகரவில்லை. மேஜையில் கிடந்த மெக்கானிக்கின் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வாத்தியாருக்கு முன்னால் உட்கார்ந்தவர் மெக்கானிக். ஒயர் எப்போது அறுந்தது? அவர் உட்கார்ந்திருந்தபோதா, எழுந்த பிறகா?

"அவரைக் கூப்பிடு" என்றார் அக்கா. "ஒண்ணும் சொல்லாத."

மெக்கானிக் மறுபடியும் கூண்டுக்குள் போனார். அதே அறுந்த ஹெட்போன். நல்ல காதில் இரைச்சல். அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்து மனசுக்குள் எண்ணிச் சாவியை அமுக்கினார். அங்கே போய்ச் சேராத சத்தத்துக்குப் பச்சை விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எரிந்தது. மறுபடியும் எரிந்தது. அப்புறம் அக்கா சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கு எரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணை மூடிக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, அவ்வளவு சிரத்தையாக அமுக்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்கிறவன் முகம் அப்படி இருக்காது. வரும்போதெல்லாம் நல்ல காதில் முதலில் கேட்டுக் கேட்டு அக்காவின் தாளம் அவர் விரலில் ஏறிவிட்டது. காதுக்கு வேலையே இல்லை, விரல் தானாகவே கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து தடவை எரிந்தது என்று நினைக்கிறேன். நான்தான் தாங்க முடியாமல், "போதும்க்கா" என்றேன்.

வேறு ஹெட்போன் கொண்டுவந்து மாட்டினேன். இந்தத் தடவை அக்கா கண்டபடி அமுக்கினார். ஒரு சத்தம், பிறகு பத்து விநாடி சும்மா, பிறகு அடுத்தடுத்து இரண்டு, பிறகு மறுபடியும் சும்மா. சும்மா இருந்தபோதெல்லாம் விளக்கு எரிந்தது. சத்தம் போனபோது எரியவில்லை. இடது காது முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அவர் வெளியே வந்ததும் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எடது பக்கம் நெஜமாவே சத்தம் கேட்டுச்சா?"

"கேட்ட மாதிரி இருந்துச்சுக்கா. போகப் போகச் சத்தம் லேசாகும்னு தெரியும்ல, அதனால கடைசில ரெண்டு மூணு விட்டுடுவேன். கேக்குதா, கேட்ட மாதிரி இருக்கான்னு எப்படிக்கா தெரியும்?"

அக்கா அவரை உட்காரச் சொல்லிவிட்டு நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக இருந்தது எனக்கு. பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "ஒரு சார்ட்டுதானே, எடுத்துடலாம். கருவிக் கோளாறுன்னு காரணம் எழுதுங்க" என்றார்.

"கருவி இன்னைக்குத்தான் சார் கெட்டுச்சு. என் கை வருஷக்கணக்கா கெட்டிருக்கு."

"அப்படின்னா?"

"இவர் ஒருத்தர்தான் தாளம் பிடிச்சார்னு என்ன நிச்சயம்? எண்பத்து நாலு பேரும் என் கையிலதான் உக்காந்தாங்க. உப்புத் தண்ணி போட்டவங்களுக்கும் சார்ட்டுல தேறியிருக்கும், மருந்து போட்டவங்களுக்கும் தேறியிருக்கும். நீங்க எதை வெச்சு எதைக் கண்டுபிடிப்பீங்க?"

"நாலு வருஷம்மா!" என்று பெரிய டாக்டர் கத்தினார். அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"எனக்கும் நாலு வருஷம்தான் சார்."

"விட்டு விட்டு அமுக்கணும்னு உனக்குத் தெரியாதா? படிக்கும்போது சொல்லிக் குடுத்திருப்பாங்களே!"

"சொல்லிக் குடுத்தாங்க. மொதல் வருஷம் அப்படித்தான் பண்ணேன். கூட்டம் வந்துச்சு, வேகம் வந்துச்சு, எப்ப மாறுச்சுன்னு தெரியல. நீங்களும்தான் பின்னால நின்னு பாத்தீங்க."

பெரிய டாக்டர் மேஜை மேல் கிடந்த ஆராய்ச்சிக் கோப்பை மூடி இழுப்பறைக்குள் வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை அவர், ஆனால் அந்த நிமிஷம் மறைக்க ஆசைப்பட்டார், அதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு ஆராய்ச்சியை மேற்பார்க்கிற குழுவின் விலாசத்தைத் தேடச் சொன்னார். "நிறுத்தி வெக்கிறோம்னு எழுதப் போறேன். அந்த மெக்கானிக்கிட்ட, இன்னும் கொஞ்சம் முன்னேற்றம் வேணும்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

நாலு வருஷம் நான் போட்ட போன், அடுக்கிய கோப்பு, வாங்கிய கையெழுத்து எல்லாம் வீணாய்ப் போனது. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அக்கா மேல் கோபம் வந்தது. அந்த மனநலச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்த என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

அக்கா பெஞ்சில் மெக்கானிக்குக்கு வலது பக்கமாக உட்கார்ந்தார். பெரிய டாக்டர் சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை.

"தம்பி, உங்களுக்கு எடது காது கேக்கல. மொதல்லேருந்தே கேக்கல. நீங்க சொன்னதுதான் சரி, சார்ட்டு தப்பு. தப்பு என் மேல. ரெண்டாவது வாரமே நான் ஒழுங்காப் பாத்திருந்தா உங்களுக்கு மருந்து ஊசி நாலு போட்டிருப்பாங்க. இப்ப நேரம் தாண்டிடுச்சு. இனிமே போட்டாலும் திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

மெக்கானிக் அக்காவையே பார்த்தார். "அப்ப எனக்குப் பைத்தியம் இல்லையாக்கா?"

"இல்லப்பா."

"நெஜமாவே காதுதானா?"

"காதுதான்."

அவர் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது, அந்த மனுஷன் சிரித்தார். "ரெண்டரை மாசமாச் சொல்றேன், ஒருத்தரும் நம்பலக்கா. வீட்ல சொல்றா, ஆஸ்பத்திரியிலேயே நல்லாக் கேக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, உங்களுக்கு என் பேச்சைக் கேக்க இஷ்டமில்ல, அதான் நடிக்கிறீங்கன்னு. மூணு வாரமாப் பேச்சே இல்ல. பட்டறையில மொதலாளி வண்டி கழுவப் போட்டுட்டார், வேலையை ஏமாத்தறேனாம். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி படுத்துக்கிட்டு, நமக்குக் கேக்குதோ, நாமதான் கேக்காத மாதிரி இருக்கோமோன்னு நெனைச்சுப்பேன்."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தச் சந்தோஷத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"ஒரு உதவி பண்ணுங்கக்கா" என்றார் மெக்கானிக். "இதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. வீட்ல காட்டணும்."

மேலே கேட்காமல் அப்படி எழுதிக்கொடுக்கக் கூடாது. பின்னால் அது ஆஸ்பத்திரி மேலேயே திரும்பும். நான் அக்காவிடம் ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே போய் ஆஸ்பத்திரித் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, மடியில் வைத்து எழுதினார். இவருக்கு இடது காது கேட்கவில்லை. இதற்கு முன் தேறியதாக எழுதிக்கொடுத்த மூன்று சார்ட்டும் தவறு. சோதித்தவர் செய்த தவறு.

மெக்கானிக் அதை வாங்கி வரி வரியாகப் படித்தார். திரும்ப நீட்டினார்.

"இவர் சொன்னது உண்மைன்னு ஒரு வரி சேத்துக்குங்கக்கா."

அக்கா சேர்த்தார். கீழே தன் முழுப் பெயரை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார்.